மைனஸ் மூணு நல்ல சேதி

இன்று காலை மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்து வந்தாள். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவள் போலிருக்கிறது. மடியில் தடித்த வழிகாட்டிப் புத்தகம். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "எந்த எண்ணோட அடுக்கு பூஜ்யமா இருந்தாலும் மதிப்பு ஒன்று, பூஜ்யத்தைத் தவிர. எந்த எண்ணோட அடுக்கு பூஜ்யமா இருந்தாலும்..." அண்ணனூர் தாண்டி திருமுல்லைவாயில் வரும்வரை இதே வரிதான். நீ இருந்திருந்தால் அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டாய். புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு, "ஏன் ஒண்ணுன்னு யாராச்சும் சொன்னாங்களாம்மா?" என்று ஆரம்பித்திருப்பாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. பட்டரவாக்கம் வந்ததும் இறங்கிவிட்டேன். தொழிற்பேட்டை எஸ்டேட் ரோட்டில் நடக்கும்போதுதான் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

நாம் சிநேகிதமானதே இந்த வண்டியில்தான். நீ பட்டாபிராமில் ஏறுவாய், நான் ஆவடியில். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்து, பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் ஃபிளாட்டில் குடியிருந்த எனக்கு, இந்த ஊர்த் தமிழே முதலில் பாதி புரியாது. லேடீஸ் பெட்டியில் ஒருநாள் நீ உன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "குந்து, இன்னா பாத்துக்கினே நிக்கிற" என்றாய். திட்டுகிறாய் என்று நினைத்தேன். இடம் தருகிறாய் என்று புரிந்துகொள்ளச் சில நொடிகள் ஆயிற்று. நீ திருகாணி செய்யும் கம்பெனியில் பேக்கிங் பார்த்தாய், நான் அதே தெருவில் இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் பார்த்தேன். உன் அப்பா செம்பரம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர் என்றும், அந்த நிலத்தில் இப்போது குடோன் நிற்கிறது என்றும், அங்கே உன் தம்பி வேன் ஓட்டுகிறான் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறாய். வருத்தமாகச் சொல்லவில்லை. "சேத்துல நின்னதுக்கு வேன்ல குந்துறது மேல்" என்பாய்.

நான் கணக்கில் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிட்டாய். நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் விடவில்லை.

பிறகு உனக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இடது விலாவுக்குக் கீழே ஏதோ கல்லைக் கட்டி வைத்ததுபோல் கனக்கிறது என்றாய். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாய். ரத்தம் பரிசோதித்துப் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. ரத்தத்தில் வரும் புற்றுநோய், ஆனால் மெதுவாகப் போகிற வகை, தினம் மாத்திரை போட்டால் பல வருஷம் நன்றாக இருக்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீ ஒரு வாரம்தான் லீவு போட்டாய். திரும்பி வந்த அன்று பெட்டியில் எல்லோரும் உன்னைச் சுற்றி அழ ஆரம்பித்ததும், "அழுவுறவ எல்லாம் அடுத்த பொட்டிக்குப் போங்கடி" என்றாய்.

சில மாதம் கழித்து ஒரு காலை, நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக உன் கைப்பையிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டினாய். முகம் வீங்கியிருந்தது. ராத்திரி தூங்கியிருக்கவில்லை.

"இத பாரு. பத்து போட்டு, அது தலைல பொடிசா மைனஸ் ஒண்ணுன்னு கீது. மைனஸ்னா இன்னா? பூஜ்யத்துக்கும் கீழ பூட்டேனா?"

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நல்லா கொறஞ்சிருக்கு, மாத்திரையக் கண்டினியூ பண்ணுங்கன்னு சொன்னாங்க. என் மூஞ்சப் பாத்து சும்மா சொல்றாங்க. நல்லா இருந்தா ஏண்டி மைனஸ் போடுவாங்க? எங்க கம்பெனில மைனஸ்னா சரக்கு கொறையுதுன்னு அர்த்தம். அன்னிக்கி யாருக்காச்சும் திட்டு கீது."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாய். "மாத்திரைய நிறுத்திட்டேன். வாந்தி வந்து வந்து உசுரு போவுது. எப்படியும் மைனஸ்ல போறதுக்கு எதுக்கு அந்த வேதனை?"

உனக்கு அந்தக் கணக்கைப் புரியவைத்தே ஆகவேண்டும், அதுவும் பட்டரவாக்கம் வருவதற்குள். எனக்குத் தெரிந்ததை அவசரமாகச் சொன்னேன். "அடுக்கு மைனஸா இருந்தா அது கீழ போயிடும். பத்தோட மைனஸ் ஒண்ணுன்னா ஒண்ணு பை பத்து."

"எங்க கீழ போயிடும்? யாரு தள்ளி வுட்டது?"

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள், கல்லூரியிலும் அப்படியே எழுதினேன், மார்க் வந்தது. அதற்குமேல் நான் யோசித்ததே இல்லை. வண்டி நின்றது. இறங்கும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சாயங்காலம் சொல்றேன். அது நல்ல சேதிதான், அதுவரைக்கும் என்னை நம்பு. மதியம் சாப்பிட்டதும் மாத்திரை போட்டுக்கோ" என்றேன். நீ தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாய்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சரக்கு வந்த கணக்கைத் தட்டிக்கொண்டே, ஏன், ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டோர்ஸ் ரேக்கில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தபோதுதான் வழி கிடைத்தது.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது உன்னைக் கேட்டேன். "உங்க பெரிய பெட்டில எத்தன திருகாணி?"

"ஆயிரம்."

"அதுக்குள்ள?"

"பத்து சின்னப் பொட்டி. பொட்டிக்கு நூறு. சின்னப் பொட்டிக்குள்ள பத்து கவரு. கவருக்குப் பத்து."

"ஆயிரம், பத்தோட அடுக்கு மூணு. நூறு, அடுக்கு ரெண்டு. பத்து, அடுக்கு ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் என்ன பண்ற?"

"பத்தா பிரிக்கிறேன்."

"அடுக்கு?"

"ஒண்ணு ஒண்ணா எறங்குது."

"சரி. கவரையும் பிரி. என்ன இருக்கு கைல?"

"ஒரு திருகாணி."

"அடுக்கு ஒண்ணுலேர்ந்து ஒரு படி இறங்கு."

நீ விரலை மடக்கினாய். கொஞ்ச நேரம் விரலையே பார்த்தாய். "ஜீரோ," என்றாய். உடனே, "அதெப்பிடி? ஜீரோன்னா ஒண்ணுமில்லன்னு தான? என் கைல ஒண்ணு கீதே?"

அந்தச் சண்டை அன்று முடியவில்லை. வண்டி வந்தது, ஏறினோம், அம்பத்தூரில் கூட்டம் நசுக்கியது, நீ கூட்டத்துக்கு மேலாகக் கத்தினாய். "பத்த ஒரு தடவ கூட போடலன்னா அது ஒண்ணுமில்லாம தான் போவணும்." பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆவடி வருவதற்குள் எனக்கும் கோபம் வந்துவிட்டது.

மறுநாள்தான் அது சரியாயிற்று. பெருக்கல் பூஜ்யத்தில் ஆரம்பிப்பதில்லை என்று சொன்னேன். பூஜ்யத்தில் ஆரம்பித்தால் எத்தனை பத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான், ஓர் அடி நகராது. அதனால் ஒன்றில்தான் ஆரம்பிக்கிறோம். ஒன்றைப் பத்தால் ஒரு தடவை பெருக்கினால் பத்து. இரண்டு தடவை பெருக்கினால் நூறு. "ஒரு தடவையும் பெருக்கலன்னா?"

"ஆரம்பிச்ச எடத்துலயே நிக்கிறேன்," என்றாய். பிறகு நீயே, "ஓ. அந்த ஜீரோ எத்தினி இருக்குன்னு சொல்லல. எத்தினி தபா பெருக்கினேன்னு சொல்லுது."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. இப்போது அடுத்த படி. கடலை மிட்டாய் விற்கும் அம்மாவிடம் ஒரு சதுரம் வாங்கினேன். திருகாணியை வெட்ட முடியாது, இதை உடைக்கலாம். இது ஒன்று, அடுக்கு பூஜ்யம். பத்தாகப் பிரித்தால் ஒரு துண்டு பத்தில் ஒரு பங்கு. அடுக்கு இன்னும் ஒரு படி இறங்கினால்?

"மைனஸ் ஒண்ணு."

"அந்தத் துண்டையும் பத்தா உடைச்சா?"

"பொடி தான் மிஞ்சும்."

"அந்தப் பொடி தான் மைனஸ் ரெண்டு. நூறுல ஒரு பங்கு. நோய் கண்டுபிடிச்சப்போ இருந்தத ஒண்ணுன்னு வச்சிக்கிட்டா, உன் ரத்தத்துல இப்ப பத்துல ஒரு பங்கு தான் மிச்சம். மைனஸ் பெருசாக ஆக நோய் சின்னதாகுது."

நீ அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தாய். இறங்கும்போது அதை வாயில் போட்டுக்கொண்டு, "நேத்து மத்தியானமே மாத்திரை போட்டுட்டேன்" என்றாய். "உன்ன நம்பி இல்ல. நீ பயந்த பாரு, அத நம்பி."

அடுத்தது மைனஸ் இரண்டு வந்தது. அதற்கும் அடுத்தது மைனஸ் மூன்று. அன்று நீ ஏறும் ஸ்டேஷனிலிருந்தே எனக்குப் போன் செய்து, "டீச்சரம்மா, மைனஸ் மூணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். நான் ஏறியபோது பெட்டியில் எல்லோர் கையிலும் மைசூர்பாகு இருந்தது.

ஆனால் அதற்கு மறுநாள் நீ கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பத்தா பிரிச்சிக்கினே போனா கடைசில பூஜ்யம் ஆவுமா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆகாது. எவ்ளோ பிரிச்சாலும் துளி இருக்கும். ரத்தம் பாக்கற மெஷினுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகும்."

நீ முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாய். "ஆவலன்னா போவுது. மெஷினுக்கே தெரியலன்னா எனக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?"

ஒருமுறை லீவு போட்டுவிட்டு உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வெளிநோயாளிகள் கூடத்தில் பெஞ்சு பெஞ்சாக ஜனம். திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், தன் தாளைப் பார்த்துப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நீ எட்டிப் பார்த்தாய். மைனஸ் இரண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் நீ அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாய்.

"அழுவாத. இங்க பாரு. உங்க ஊட்ல கொடம் கீதா? நெறைய தண்ணி. அது ஒண்ணு. நீ மொத மொத இங்க வந்தப்போ அம்மாம் நோவு. அதுக்குப் பவர் ஜீரோன்னு பேரு, பயந்துக்காத, ஜீரோன்னா கொடம் காலின்னு இல்ல, இன்னும் ஒரு தபாவும் கொறைக்கலன்னு அர்த்தம். கொடத்த பத்தா பிரிச்சா ஒரு சொம்பு. அது மைனஸ் ஒண்ணு. சொம்ப பத்தா பிரிச்சா ஒரு டம்ளரு. அது மைனஸ் ரெண்டு. உனுக்குக் கொடத்துல ஒரு டம்ளரு தான் பாக்கி. இன்னும் மாத்திரை போட்டா ஸ்பூன் அளவு ஆயிடும்."

அந்தக் குடத்தை நான் உனக்குச் சொல்லவில்லை. அது நீயே கண்டுபிடித்தது. அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டம்ளர் தானாக்கா?" என்று கேட்டாள். முன் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் தங்கள் தாளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். நர்சம்மா வந்து, "கொஞ்சம் மெதுவா பேசுங்க, உள்ள டாக்டர் இருக்காங்க" என்றார். நீ குரலைத் தாழ்த்தினாய், நிறுத்தவில்லை. உன் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதைக்கூட நான்தான் கவனித்துச் சொன்னேன்.

நல்லபடியாகச் சில வருஷம் ஓடியது. உன் மகளுக்குக் கல்யாணம் முடித்தாய். பேக்கிங்கில் உன்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நோயைப் பற்றிப் பேசுவதே குறைந்துபோயிற்று.

அந்தச் சாயங்காலம் நீ எனக்கு முன்னாடியே பட்டரவாக்கம் பிளாட்பாரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தாய். அன்று ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள், வேலைக்கு வரமாட்டாய் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே வந்திருக்கிறாய். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டதாகச் சொன்னாய்.

"ஒரு கணக்கு போட்டேன். சரியான்னு சொல்லு."

"என்ன கணக்கு?"

"போன தபா மைனஸ் மூணு. இந்தத் தபா மைனஸ் ஒண்ணு. எத்தினி மடங்குன்னு பாக்கணும்னா அடுக்குலேர்ந்து அடுக்கக் கழிக்கணும்னு சொன்ன இல்ல? மைனஸ் ஒண்ணுலேர்ந்து மைனஸ் மூண எடுத்தா, மைனஸும் மைனஸும் சேந்து பிளஸ் ஆயிடுது. பிளஸ் ரெண்டு வருது. பத்தோட ரெண்டு. நூறு."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நூறு மடங்கு ஏறிகீது. சரியா?"

தாளைக் காட்டு என்று கை நீட்டினேன்.

"கணக்கு சரியான்னு தான கேட்டேன்."

"சரி," என்றேன்.

"டீச்சரம்மாவுக்குத் தப்பில்லாம கணக்கு போடுற ஒரு பொண்ணு கெடச்சிட்டா," என்று சிரித்தாய். பிறகு என் தோளில் தலையை வைத்துக்கொண்டாய். அப்படி நீ செய்தது அன்று ஒருநாள்தான். மூன்றாவது வண்டியும் போயிற்று.

வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். கொஞ்சம் இறங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறியது. மெதுவாகப் போகிற நோய் ஒருகட்டத்தில் குணத்தை மாற்றிக்கொண்டு வேகமெடுத்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். அதற்குப் பிறகு வந்தவை வேறு பரிசோதனைத் தாள்கள், அவற்றில் பத்தும் இல்லை, அடுக்கும் இல்லை. உன்னை வார்டில் சேர்த்தார்கள்.

வார்டில் ஒருநாள், உன் வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், என் மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். "நான் உனக்கு அதெல்லாம் சொல்லிக் குடுக்காமலே இருந்திருக்கலாமோ? அன்னைக்கு பிளாட்பாரத்துல நீ பாட்டுக்குத் தெரியாம இருந்திருப்பியே."

உனக்குப் பேசவே மூச்சு போதவில்லை. ஆனாலும் முறைத்தாய். "லூசு. நீ சொல்லலன்னா அப்பவே மாத்திரைய வுட்டுருப்பேன். என் பொண்ணு கல்யாணத்த யாரு பாத்திருப்பா?" கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, "எனுக்கு வந்தத என்கிட்டயே மறைச்சா எப்டி? எவ்ளோன்னு தெரிஞ்சா தான் எவ்ளோ பயப்படணும்னு தெரியும். தெரியாதவ எல்லாத்துக்கும் பயப்படணும்."

அதன்பிறகு உன்னோடு நான் பேசியதெல்லாம் கஞ்சியில் உப்பு போதுமா, ஃபேனைக் குறைக்கவா என்பதுதான். ஒரு மழைநாள் மதியம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். பட்டாபிராமில் உன் வீட்டு வாசலில் ஷாமியானா நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. நம் பெட்டிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரையும் அடுத்த பெட்டிக்குப் போகச் சொல்ல ஆளில்லாமல் எல்லோரும் அழுதார்கள்.

நீ போன பிறகுதான் போன்கள் வர ஆரம்பித்தன. தெரியாத எண்கள். "டீச்சரம்மாங்களா? ஒரு அக்கா ஆஸ்பத்திரில உங்க நம்பர் குடுத்தாங்க. இந்த மைனஸ் பத்தி..." என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கூடத்தில் எத்தனை பேருக்கு என் எண்ணைக் கொடுத்து வைத்தாயோ தெரியவில்லை. முதல் போனில் எனக்குக் கோபம்தான் வந்தது, உன் மேல். இரண்டாவதில் அழுதேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, மருந்தைப் பற்றி எதுவும் என்னைக் கேட்கக்கூடாது, எண்ணை மட்டும் படித்துச் சொல்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு குடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வாரம் ஊத்துக்கோட்டையிலிருந்து ஒருவர் பேசினார். அவர் மனைவிக்கு மைனஸ் மூன்று வந்திருக்கிறது. அது கெட்ட சேதி என்று நினைத்து அந்த அம்மா சாப்பிடாமல் படுத்திருக்கிறாராம். நான் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பூன் அளவு வந்ததும் அந்த மனிதர் குரலே மாறிவிட்டது. வைக்கப்போகும் நேரத்தில், "அந்த நம்பர் குடுத்த அக்காவ நாங்க ஒரு தடவ தான் பாத்தோம். எங்க வீட்டுக்காரிக்கு அப்போ ரொம்ப தைரியம் சொன்னாங்க. அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. வீட்டில் படுத்துக் கிடக்கும் அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தேன். வார்டில் நீ முறைத்த முறைப்பையும் நினைத்துக்கொண்டேன்.

"அவங்க தவறிட்டாங்க சார்," என்றேன். "அவங்களுக்கு மைனஸ் மூணுலேர்ந்து திரும்பி ஏறிடுச்சு. எல்லாருக்கும் அப்படி ஏறாதுன்னு டாக்டர் சொன்னாங்க. உங்க வீட்ல இருக்கவங்களுக்கு இன்னைக்கு வந்திருக்கறது நல்ல சேதி. மாத்திரைய விடாம, செக்கப்ப விடாம பாத்துக்கோங்க."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அந்த அம்மா பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏம்மா, எனுக்கு அந்த ஜீரோ எப்டி ஒண்ணாவுதுன்னு மட்டும் புரியல. மறுபடி சொல்றியா?"

எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொன்னேன்.